பச்சை நோட்டும் ஏழு நிமிஷமும்

கால்மணி அக்கா பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைப் பழியாகச் சொல்லவில்லை, அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வதுதான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். காலேஜ் போகும் மகள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் போதும், அதற்குள் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் மனசுக்குள் ஒரு சுற்று போய் வந்துவிடுவாள். வேன் ஓட்டும் வீட்டுக்காரர், உன் பயத்துக்கு யாராவது சம்பளம் கொடுத்திருந்தால் நாம் எப்போதோ மாடி வீடு கட்டியிருக்கலாம் என்பார். அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் அந்த மீன் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டைம் ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள்.

டைம் ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு எட்டடி அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஓடாத ஒரு ஃபேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், ஐந்தரைக்கு மேல் எவ்வளவு நேரம் நின்று வேலை பார்த்தார்கள், இதுதான் அவள் கணக்கு. ஆரம்பத்தில் அட்டையைச் சொருகினால் டக்கென்று நேரத்தைக் குத்திக் கொடுக்கும் கடிகாரம் இருந்தது. அப்புறம் விரல் வைக்கிற மெஷின் வந்தது. நாள் முழுக்க ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் கையை விட்டு இறால் உரிக்கிறவர்களுக்கு விரலில் ரேகை எங்கே இருக்கும்? பாதிப் பேரை அது அடையாளமே தெரியாத மாதிரி திருப்பி அனுப்பியது. கடைசியில் முகம் பார்க்கிற மெஷின் வந்தது. குல்லாவைக் கழற்றி, முகமூடியை இறக்கிவிட்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒரு நொடி நின்றால் பச்சை விளக்கு எரியும்.

அந்த மெஷின் ஓவர்டைமைக் கால்மணி கால்மணியாகத்தான் எண்ணும். ஏழு நிமிஷம் வரைக்கும் என்றால் கணக்கில் கிடையாது. எட்டாவது நிமிஷத்தைத் தொட்டால் முழுக் கால்மணி. ஆறு முப்பத்தேழுக்கு முகம் காட்டினால் ஆறரை, ஆறு முப்பத்தெட்டுக்குக் காட்டினால் ஆறே முக்கால். அதனால் வேலை முடிந்தவர்கள் மெஷினுக்கு முன்னால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த ஒரு நிமிஷம் புரளட்டும் என்று கூட்டமாக நிற்பார்கள். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பாள்.

மூணாம் நம்பர் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற ஒருத்தன் மட்டும் அப்படி நிற்க மாட்டான். வேலை முடிந்ததா, முகத்தைக் காட்டினானா, போய்க்கொண்டே இருப்பான். ஆனால் மாசக் கடைசியில் வந்து சண்டைக்கு நிற்பான். தினமும் தான் போன நேரத்தைத் தன் லாக்கர் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருப்பான். அதைத் தாளில் இறக்கிக்கொண்டு வந்து, திங்கள் ஏழு நிமிஷம், செவ்வாய் ஆறு, புதன் மறுபடி ஏழு என்று வாசிப்பான். மாசத்துக்கு மூணு மணி நேரம் எங்கே போச்சு என்று கேட்பான். சிஸ்டம் அப்படித்தான் தம்பி என்பாள் அக்கா. சிஸ்டத்துக்கு முட்டி வலிக்குமா என்பான் அவன். அவளுக்குக் கால்மணி அக்கா என்று பேர் வைத்ததே அவன்தான். பதிலுக்கு அவள் அவனுக்கு ஏழு என்று பேர் வைத்தாள், கம்பெனி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. சண்டையே தவிர மனஸ்தாபம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, வீட்டில் குழாய் உடைந்தாலும் சரி, முதலில் அந்த ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுத்தான் போவான். ஒரு தடவை மட்டும் சிரிக்காமல் சொன்னான்.

“உங்களுக்கு ஏழு நிமிஷம் ஒண்ணுமில்லக்கா. மைனஸ் பதினெட்டுல நின்னு பாருங்க, அது எவ்வளவு நீளம்னு தெரியும்.”

பச்சை நோட்டு விஷயத்துக்கு வருவோம். மூணு மாசத்துக்கு ஒருத்தர் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்கக் கூடாது என்று சட்டம். அந்த எல்லையைத் தாண்டினால் கம்ப்யூட்டரில் அவருடைய வரிசை சிவப்பாகிவிடும், சிவப்பு நேராகத் தலைமை ஆபீசுக்குப் போய்விடும். கப்பலுக்குப் போகிற கன்டெய்னர் அதற்காகக் காத்திருக்குமா? ஆட்களுக்கும் ஓவர்டைம் தேவையாக இருந்தது. மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லையைத் தொட்டவன் ஐந்தரைக்கு மெஷினில் முகத்தைக் காட்டிவிட்டு வெளியே போவான். போய், லாரியில் சரக்கு ஏற்றுகிற பக்கத்துக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடுவான். அதற்கப்புறம் அவன் உழைக்கிற நேரம் மெஷினுக்குத் தெரியாது. அக்காவின் டிராயரில் இருக்கும் பச்சை அட்டை போட்ட நோட்டுக்குத்தான் தெரியும். அடுத்த மூணு மாசக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கலந்துவிடுவார்கள்.

முதல் தடவை எழுதச் சொன்னபோது அக்கா நோட்டை மூடி வைத்தாள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன சார் செய்வது என்று கேட்டாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே, “ஆனா என்ன, கையெழுத்து உங்களோடதுதானேம்மா” என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அந்த விளையாட்டு நாலு வருஷமாக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் கோட்டு சூட்டு போட்டு யார் இறங்கினாலும் டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அன்றைக்கு ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. மூணாம் நம்பர் அறைச் சரக்கு எது எங்கே இருக்கிறது என்று ஏழுவுக்குத்தான் தெரியும். அவன் கணக்கோ போன வாரமே எல்லையைத் தொட்டுவிட்டது. மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டி, அவனை நோட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தரைக்கு ஏழு வந்து முகத்தைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போயிட்டு வரேன்கா என்று கையாட்டிவிட்டு, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனான். அது அவர்களுக்குள் பழைய தமாஷ். அவள் நோட்டை எடுத்துத் தேதி போட்டு, அவன் பேருக்கு நேரே மூணாம் நம்பர் அறை, 5.30 முதல் என்று எழுதினாள்.

ஐந்து நாற்பதுக்கு சைரன் ஊதியது.

ஒத்திகையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த மூச்சிலேயே மூக்குக்குள் யாரோ ஊசியை விட்ட மாதிரி இருந்தது. மீனை உறைய வைக்கிற குழாய்களில் ஓடுவது அம்மோனியா. சும்மா கொஞ்சம் கசிந்தாலே கண்ணைத் திறக்க முடியாது, நிறையப் போனால் நெஞ்சுக்குள் வெந்துவிடும். பின்பக்கத்திலிருந்து பெண்கள் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்காவும் ஓடத்தான் பார்த்தாள். ஆனாலும் ஆபத்து நேரத்தில் டைம் ஆபீஸ் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மெஷின் கணக்குப்படி யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலை அச்செடுத்துக்கொண்டு, கூடுகிற இடத்துக்குப் போய்ப் பேர் கூப்பிட வேண்டும். எடுத்தாள். போகிற போக்கில், எதற்கென்று யோசிக்காமலே, டிராயரைத் திறந்து பச்சை நோட்டையும் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

லாரி எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள். இருமல், அழுகை, ஒருத்தியை ஒருத்தி தேடுகிற சத்தம். பட்டியலில் அறுபத்திரண்டு பேர். அவள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள், ஒவ்வொரு குரலாக இருக்கேன், இருக்கேன் என்று வந்தது. வாட்ச்மேன் தனியாகத் தலையை எண்ணினார். அறுபத்திரண்டு. ஒருத்தர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேர் கூப்பிடும்போதே அவள் கண் கூட்டத்துக்குள் ஒரு நீல ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தது. குளிர் அறைக்காரர்கள் போடுகிற தடித்த ஜாக்கெட். எங்கேயும் இல்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தீயணைப்பு லாரி வந்தது. இறங்கிய ஆபீசர் வாட்டசாட்டமான ஆள், சுற்றி வளைக்காமல் ஒரே கேள்விதான் கேட்டார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. முகமூடி மாட்டிய இரண்டு பேர் அவருக்குப் பின்னால் தயாராக நின்றார்கள். மேனேஜர் உடனே, எல்லாரும் வெளியே வந்தாச்சு, லிஸ்ட் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

“லிஸ்ட் டேலிதானேம்மா?”

மணி ஐந்து ஐம்பத்து மூணு. நேரம் பார்க்கிறது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, வேண்டாமென்றாலும் நடக்கும்.

“டேலி சார்” என்றாள்.

பொய் இல்லையே. பட்டியல் டேலிதான். ஆபீசர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் ஆட்களை உள்ளே அனுப்ப அவசரமில்லை, முதலில் வெளியிலிருந்து தண்ணீர் அடித்து வாயுவை அமுக்கலாம் என்று தன் ஆட்களிடம் சொன்னார். முகமூடிக்காரர்கள் முகமூடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மேனேஜர் பக்கத்தில் போய், மூச்சுவிடுகிற சத்தத்தில், சார் மூணாம் நம்பர் என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மெஷின்ல அவுட் ஆயிட்டான்ல. போயிருப்பான். நோட்டு வெளிய வந்தா முதல்ல உள்ள போறது யாரு, நீங்களா நானா?”

இருக்கும், போயிருப்பான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். பக்கத்துக் கதவு வழியாகவே ஓடியிருப்பான். பின்சுவர் ஒன்றும் பெரிய உயரமில்லை. இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பான், நாளைக்கு வந்து பயந்துட்டீங்களாக்கா என்று கேட்பான். இப்படி ஒன்று சொல்லித் தீருவதற்குள் இன்னொரு பக்கம் மனசு கை விலங்கைக் காட்டியது. மகள் காலேஜ் வாசலில் நின்று அம்மா ஜெயிலில் என்று யாரிடமோ சொல்கிறாள். நாலு வருஷக் கையெழுத்து, பக்கம் பக்கமாக, எல்லாம் அவளுடையது. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று மட்டும் அவள் செய்யவில்லை. இடது பக்கம் வண்டி நிறுத்துகிற கொட்டகை இருந்தது, அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் திருப்பவில்லை, பாவி.

இரண்டாவது லாரி வந்தது. உள்ளே வர இடம் போதவில்லை. கொட்டகையில் இருந்த வண்டிகளை எடுக்கச் சொல்லித் தீயணைப்பு வீரர் ஒருத்தர் கத்தினார். ஆளாளுக்கு ஓடிப்போய் அவரவர் வண்டியை எடுத்தார்கள். கொட்டகை காலியானது, ஒரே ஒரு வண்டி மட்டும் மிச்சம். பழைய மொபெட், கண்ணாடியில் ஒரு பக்கம் கிடையாது, ஹேண்டில்பாரில் சின்னப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வீரர் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“இந்த வண்டி யாருது?”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாருது என்று அவர் மறுபடி கேட்டார். ஏழுவோடது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், அவன்தான் ஐந்தரைக்கே போய்விட்டானே என்று இன்னொரு குரல் சொன்னது. வண்டியை விட்டுவிட்டு நடந்தா போவான் என்றது மூணாவது குரல்.

அக்கா நடந்தாள். மேனேஜர் அவள் முழங்கையைப் பிடித்ததும், அவள் உதறியதும் அவளுக்கே தெரியாது, மற்றவர்கள் பிறகு சொன்னது. ஆபீசர் முன்னால் போய் நின்றபோது மணி சரியாக ஆறு.

“ஒருத்தர் உள்ள இருக்கார் சார். மூணாம் நம்பர் ரூம். இந்த லிஸ்ட்ல இருக்க மாட்டார், அவரை நான் தனி நோட்டுல எழுதியிருக்கேன்.”

ஆபீசர் அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் திரும்பிக் கத்தினார். நெற்றியில் ஏறியிருந்த முகமூடிகள் கீழே இறங்கின, இரண்டு பேரும் அந்த வெள்ளைப் புகைக்குள் ஓடினார்கள். அறைக்குப் போக இரண்டு நிமிஷம்தான் ஆயிற்றாம். தூக்கிக்கொண்டு வந்தபோது நீல ஜாக்கெட் மட்டும்தான் அடையாளம். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். உயிர் இருக்கிறது என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்ன பிறகுதான் அக்கா தரையில் உட்கார்ந்தாள்.

என்ன நடந்தது என்று மறுநாள் தெரிந்தது. குழாய் வெடித்தது மூணாம் நம்பர் அறைக்கு வெளியே இருந்த நடைவழியில். உள்ளே விசிறிச் சத்தத்தில் சைரன் கேட்கவில்லை. கதவைத் திறந்தவன் வாடையை உணர்ந்து உடனே சாத்திவிட்டான். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் உள்ளே ஆள் இருப்பதைச் சொல்கிற பொத்தானை அழுத்தினான். அந்த மணி குளிர்விக்கிற மெஷின்கள் ஓடும் ரூமில் அடிக்கும், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். சரி, பேர் கூப்பிடுவார்கள், தேடி வருவார்கள் என்று பொறுமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். வாயு கதவிடுக்கு வழியாகவும் வர ஆரம்பித்த பிறகு தாங்க முடியாமல் திறந்துகொண்டு ஓடப் பார்த்திருக்கிறான். அப்போது மணி ஐந்து ஐம்பத்தேழு. நாலு அடிகூடப் போகவில்லை. ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றைப் பற்றி டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. தொண்டையும் வெந்திருந்தது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், இரண்டு கண்ணிலும் கட்டு. அவன் மனைவி எழுந்து வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்க மட்டும் சொல்லலேன்னா இவர் இன்னைக்கு இல்லக்கா, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க என்று அழுதாள். அக்காவுக்கு அந்தக் கைகளை எப்படி விலக்கிக்கொள்வது என்று தெரியவில்லை. நெருப்பை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. ஐந்து ஐம்பத்து மூணிலிருந்து ஆறு வரைக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஐம்பத்து மூணிலேயே வாயைத் திறந்திருந்தால் ஐம்பத்தைந்துக்கு அந்த முகமூடிக்காரர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள். அவன் கதவைத் திறந்திருக்கவே மாட்டான். கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு யாருக்கும் தெரியாது. மேனேஜருக்கு மட்டும் தெரியும், அவர் சொல்ல மாட்டார்.

மூணாம் நாள் விசாரணைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அம்மா ஒருத்தி வந்தாள். அதற்கு முன்னாலேயே மேனேஜர் தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்றை அக்கா முன்னால் வைத்தார். நோட்டு விஷயம் எப்படியும் வெளியே வந்துவிட்டது, அதில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டாயிற்று. ஆனால் அவள் நல்ல பேரையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். தீயணைப்பு அதிகாரி கேட்ட உடனேயே தகவல் தெரிவிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. போடாவிட்டால் ஏழு நிமிஷம் தாமதமானதை அவன் மனைவி நாளைக்கு ரிப்போர்ட்டில் படிப்பாள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதைத்தான் அவளும் யோசித்தாள். ஜெயிலுக்குப் பயந்ததைவிட, வேலைக்குப் பயந்ததைவிட, அந்தப் பெண் படிப்பாள் என்பதற்குத்தான் அதிகம் பயந்தாள். ஏழு நிமிஷம்தானே. அவள் இத்தனை வருஷமாக ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்ட அதே ஏழு நிமிஷம்.

பேனாவை எடுத்தாள். ‘உடனேயே’ என்ற வார்த்தையை அடித்தாள். அதற்கு மேலே, கேட்ட நேரம் 5.53, நான் சொன்ன நேரம் 6.00 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளைக் கொண்டுபோய், கைப்பையிலிருந்த பச்சை நோட்டோடு அந்த அம்மாவின் மேஜையில் வைத்தாள். இனி அழைக்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். வெளியே வந்து, வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினாள்.

அவன் விழித்திருந்தான். கட்டு அப்படியேதான் இருந்தது. மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்கார வைத்து, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அக்கா வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. நேரத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

“ஆபீசர் கேட்டப்ப அஞ்சு அம்பத்து மூணு, தம்பி. நான் வாயைத் திறந்தப்ப ஆறு. எனக்குப் பயமா இருந்துச்சு.”

தோளில் இருந்த கையை அவன் மனைவி மெல்ல எடுத்துக்கொண்டாள். அவன் போர்வைக்கு மேல் விரலை ஒவ்வொன்றாக மடக்கினான்.

“ஏழு” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை, உள்ளே மண் சரிகிற மாதிரி வந்தது.

“ஏழுதான்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது, திரும்பாமலே கேட்டான்.

“எழுதினீங்களா? இல்ல, சிஸ்டம் மாதிரி விட்டுட்டீங்களா?”

“எழுதிட்டேன். ஒரு நிமிஷம்கூடக் குறைக்கல.”

அவன் மடக்கிய விரல்களைப் போர்வைக்கு மேல் மெல்ல விரித்தான். பார்க்க வந்தவர்கள் வெளியே போகலாம் என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை அக்கா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.